கடைசி வரிசைப் புள்ளிகள்

வண்டி தூணில் உரசியதைப் பற்றி அவள் சொன்னது ஒரே வாக்கியம்.

"தூண் அவ்ளோ பக்கத்துல இருக்கும்னு நினைக்கல."

அது அவர்கள் வீட்டு வாசல் தூண். கல்யாணமாகி அவள் வந்த நாள் முதல் அங்கேதான் நிற்கிறது.

அவளும் அவள் அண்ணனும் ஆளுக்கொரு வேன் வைத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினார்கள். கண் டாக்டர் அவள் கண்ணுக்குள் அழுத்தம் பார்த்தார். இடது கண்ணில் அதிகம் என்றார். ஓரப் பார்வை மெல்லப் போகும், போவது போகிறவருக்கே தெரியாது, எவ்வளவு போயிருக்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரி இயந்திரத்தில்தான் பார்க்க வேண்டும் என்றார். அங்கே முறை வர ஒரு மாதம் ஆகும். அதுவரை வண்டி ஓட்டாமல் இருந்தால் நல்லது.

"நல்லதுன்னுதானே சொன்னாரு" என்றாள், படியிறங்கும்போது. "கூடாதுன்னு சொல்லலையே."

கூட வந்த அவள் கணவன் நாட்களை எண்ணிப் பார்த்தான். பள்ளி விடுமுறை நடந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை திறக்கிறார்கள்.

கணினிக்கு நிரல் எழுதுவது அவன் தொழில். கிடங்குகளில் எது வந்தது, எது போனது என்று காட்டும் திரைகள். எல்லாம் கட்டங்களும் எழுத்துகளும்தான். படம் வரையும் நிரல் எழுதிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனால் அந்த இயந்திரம் செய்வது என்ன என்று யோசித்தபோது அது பெரிய வித்தையாகத் தெரியவில்லை. ஒரு புள்ளியைக் காட்டுகிறது. தெரிகிறதா என்று கேட்கிறது.

கணினித் திரையில் கறுப்பாக ஒரு சாளரம் திறந்தான். நடுவில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சிறு கோடுகள். பிறகு ஒரு வட்டம், கடுகளவு, உள்ளே வெள்ளை. கொஞ்சம் பொறுத்து அழி. வேறோர் இடத்தில் போடு. திரையில் உயரக் கணக்கு மேல் மூலையில் தொடங்கிக் கீழே போகப்போகக் கூடும். அதை மறந்து முதலில் எல்லாவற்றையும் தலைகீழாக வரைந்தான். திருத்தினான். புள்ளிகள் வரிசை வரிசையாக இடம் பிடித்தன. எந்த இடம் எப்போது வரும் என்று அவனுக்கே தெரியாதபடி கலைத்துப் போட்டான். பார்த்த புள்ளிக்கு வெள்ளைக் கட்டம், பார்க்காததற்குக் கறுப்புக் கட்டம் என்று முடிவில் ஒரு சின்னப் படம் வரும்.

சனிக்கிழமை காலை திரைச்சீலைகளை இழுத்துவிட்டு அவளை உட்கார வைத்தான்.

"இது என்ன, கொசு அடிக்கிற விளையாட்டா?"

"நடுவுல மட்டும் பாரு. புள்ளி எங்க தெரிஞ்சாலும் ஸ்பேஸ் பாரை அமுக்கு. கண்ணு ஓடக்கூடாது."

"ஓடினா?"

"நான் பாத்துட்டேதான் இருப்பேன்."

அவள் வலது கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டாள். அவன் திரைக்குப் பக்கத்தில், அவள் முகத்துக்கு எதிரே உட்கார்ந்தான். திரையை அவன் பார்க்கவில்லை. அவள் கண்ணை மட்டும் பார்த்தான். இவ்வளவு நேரம் அதை அவன் பார்த்துப் பல காலம் ஆகியிருந்தது. அது அசையவில்லை. விரல் மட்டும் அமுக்கியது. மறுபடி அமுக்கியது.

முடிவில் வந்த படத்தில் எல்லாக் கட்டமும் வெள்ளை. ஒன்றுகூடக் கறுப்பு இல்லை.

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் படத்தைப் பார்த்தாள். "போதுமா?" என்று கேட்டு எழுந்து போனாள்.

மாலையில் அவள் அண்ணன் வந்தான். வண்டியின் நசுங்கலைத் தடவிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்தபடி உள்ளே வந்து, திரை முன்னால் உட்கார்ந்தான்.

"மாப்ள, எனக்கும் ஒரு தடவை போடு. ஊரான் பிள்ளைங்களை ஏத்துறவன், நானும் பாக்கணும்ல."

பேசிக்கொண்டே பார்த்தான். நடுவில் போன் எடுத்து யாரையோ அதட்டினான். அவன் படத்தில் ஆங்காங்கே கறுப்பு விழுந்தது. கடைசி வரிசை முழுக்கக் கறுப்பு.

"மச்சான், உங்களுக்குக் கீழ ஒண்ணுமே தெரியல."

"தொப்பை மறைக்குது" என்றாள் அவள், சமையலறையிலிருந்து.

"உன் கைச் சோத்துல வந்த தொப்பை இல்லடி, பயப்படாத." அவன் எழுந்தான். "திங்கக்கிழமை ரெண்டு வண்டியும் வரும்னு பள்ளிக்கூடத்துல சொல்லிட்டேன்."

"வரும்ண்ணே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கறுப்பு வரிசை கணவன் நினைவுக்கு வந்தது. கவனமில்லாதவனுக்கு அங்கொன்றும் இங்கொன்றும் தவறலாம். ஒரு வரிசை முழுக்க எப்படித் தவறும்? தானே உட்கார்ந்து பார்த்தான். அவனுக்கும் அந்த வரிசை தெரியவில்லை. கண்ணை இறக்கி நேராகவே பார்த்தான். அங்கே புள்ளியே வரவில்லை.

நிரலைத் திறந்தான். பிழை சின்னது. சாளரத்துக்கு அவன் கொடுத்த உயரத்தில் மேலே இருக்கும் தலைப்புப் பட்டையும் சேர்த்தி. பட்டை எடுத்துக்கொண்ட அளவுக்கு, வரையும் இடம் கீழே குறைந்துபோனது. கடைசி வரிசை அடி விளிம்பைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. கணினி அதற்காகக் குறை எதுவும் சொல்லவில்லை. இடமில்லாத இடத்தில் வரையச் சொன்னாலும் வரைந்துவிட்டதாகவே அது கணக்கு வைத்துக்கொள்ளும்.

ஒரு வரியை மாற்றினான். ஓட்டினான். கடைசி வரிசைப் புள்ளிகள் தெரிந்தன. பிழை அகப்பட்டால் எப்போதும் வரும் சின்னச் சந்தோஷம் வந்தது.

அது முழுசாக வருவதற்குள் நின்றது.

நேற்றுக் காலை அந்த வரிசையில் ஒன்றுமே இல்லை. அவள் எல்லாவற்றுக்கும் அமுக்கியிருந்தாள்.

வாசலில் அவள் வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் உட்காரும் இருக்கைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஈரத் துணி பிழியும் சத்தம் கேட்டது. பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. ஒரு மாதம்தானே. ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லட்டும். கெட்ட பேர் அவர்களோடு போகட்டும். அந்த நினைப்போடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். வாசலில் வேனின் கதவு திறந்து மூடியது.

புள்ளிகள் ஒரே இடைவெளியில் வந்துகொண்டிருந்தன, கடிகார முள் போல. அவன் அதையும் மாற்றினான். இனி ஒன்று சட்டென்று வரும், ஒன்று காக்க வைத்து வரும். பிறகு அவளைக் கூப்பிட்டான்.

"நேத்துதான் பாத்தாச்சே."

"நிரல்ல ஒரு தப்பு. என் தப்புதான்."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டாள். அவன் எதிரே உட்கார்ந்தான்.

அமுக்கினாள். அமுக்கினாள். பிறகு இடைவெளி நீண்டது. அவள் விரல் காத்திருக்கவில்லை; பழைய நேரத்துக்கே இறங்கி அமுக்கியது. இன்னொரு முறையும் அப்படியே. மூன்றாவது முறை பாதியில் நின்றது. அவள் கண் நடுக்கோட்டை விட்டு அவன் மீது வந்தது.

"மாத்திட்டீங்க."

"ஆமா."

"எப்படித் தெரிஞ்சுது?"

"கடைசி வரிசை திரைக்குள்ளயே வரல. நீ அதுக்கும் அமுக்கியிருக்கே."

திரையில் புள்ளிகள் தம்பாட்டுக்கு வந்து போயின. இருவரும் அதைப் பார்க்கவில்லை.

"தெரியாத மாதிரியே இல்லைங்க" என்றாள். "இருட்டா எதுவும் இல்ல. எல்லாம் இருக்கிற மாதிரிதான் இருக்கு. புள்ளி வரணுமேன்னு பாத்தா வரல. வராம இருக்குமா, நமக்குத்தான் தெரியலன்னு தோணுச்சு. அமுக்கிட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"நீங்க என் மூஞ்சிய பரீட்சை ரிசல்ட் மாதிரி பாத்துட்டு உக்காந்திருந்தீங்க. எப்படிச் சொல்றது?" கைக்குட்டையைச் சரிசெய்தாள். "ஓட்டாதன்னு நீங்க சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன். சண்டை போட்டிருப்பேன். படம் சொன்னா யாரோட சண்டை போடுறது?"

அவன் கை நீட்டி நிரலை நிறுத்தப் போனான்.

"நிறுத்தாதீங்க" என்றாள். "முதல்லேருந்து போடுங்க."

போட்டான். எதிரே உட்கார்ந்தான். அறை இருட்டாக இருந்ததால், திரையில் புள்ளி வரும்போதெல்லாம் அவள் கண்மணியில் அது தெரிந்தது, ஊசி முனை வெளிச்சம் போல. வெளிச்சம் வந்தது, விரல் அமுக்கியது. வந்தது, அமுக்கியது. வந்தது. அவள் கண்ணிலேயே அது நின்றது. விரல் அசையவில்லை. அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். அடுத்ததும் அவள் கண்ணில் வந்து நின்று போனது. அவனால் அதைப் பார்க்க முடிந்தது, அவளால் முடியவில்லை. தலையைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது. கண்ணு ஓடக்கூடாது என்று சொன்னவன் அவன்தான். திருப்பிக்கொள்ளவில்லை.

படம் வந்தது. வலப்பக்கம் வெள்ளை. இடப்பக்கம், நடுவிலிருந்து தள்ளி, கீழே போகப்போக அகலமாகக் கறுப்பு. ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் அல்ல, சேர்ந்தாற்போல்.

அவள் திரைக்கு அருகே குனிந்தாள். கறுப்பின் மேல் விரலை வைத்தாள். மேலிருந்து கீழே இறக்கினாள்.

"இது வண்டிக் கதவுப் பக்கம்" என்றாள். "இங்கதான் இறங்குவாங்க. பெரிசுங்க பரவாயில்ல, தலை தெரியும். சின்னதுங்க இறங்கி முன்னால சுத்தி ஓடும்." விரல் கறுப்பின் அடியில் நின்றது. "இவ்ளோ உயரம்தான் இருக்கும்."

அவன் சொல்வதற்கு அவள் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

அவள் போன் எடுத்தாள்.

"அண்ணே, நாளைக்கு என் வண்டிக்கு ஆள் பாரு… காய்ச்சல்லாம் இல்ல… இல்ல, அவர் ஒண்ணும் சொல்லல. கண்ணு. நானே பாத்தேன்… நாளைக்கு மட்டும் இல்லண்ணே." அந்தப் பக்கம் நீளமாகப் பேச்சு ஓடியது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "சரி. நீ வந்து கத்து. முதல்ல ஆளைப் பாரு."

போனை வைத்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அவன் அவள் தோளில் கை வைத்தான். வெளியே கழுவிய வேனிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு அவள் கைக்குட்டையை அவிழ்த்து, மடிப்பைத் திருப்பி, இடது கண்ணில் கட்டிக்கொண்டாள்.

"வலது கண்ணையும் பாத்துடுங்க" என்றாள்.