பால் வாங்கப் போனவள்

ஓசூர்க் குளிரைப் பற்றி அருப்புக்கோட்டையில் எனக்கு யாரும் சொல்லவில்லை. கல்யாணமாகி வந்து இத்தனை வருடமாகியும் அது பழகவில்லை. அதனால் விடிகாலையில் பால் வாங்கப் போகும்போது புடவைக்கு மேல் என் வீட்டுக்காரர் வெள்ளைச்சாமியின் கம்பெனிச் சட்டையை மாட்டிக்கொள்வேன். நீலச் சட்டை, பையில் கம்பெனி பேர் தைத்தது. அவருக்கு இனி அது தேவையில்லை. நெடுஞ்சாலையில் லாரி இடித்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் அவர் கட்டிலோடு ஆகி இரண்டு வருடமாகிறது.

இரண்டு வருடமும் நானேதான் பார்த்தேன். திருப்பிப் படுக்க வைப்பது, துடைப்பது, பெட்பேன் எடுப்பது, முதுகில் புண் வராமல் பவுடர் போடுவது எல்லாம். பக்கத்து வீட்டுத் திம்மப்பன் அண்ணனும் அவர் மனைவி நஞ்சம்மாவும் கூடமாட உதவுகிறோம் என்று எத்தனையோ தடவை கேட்டார்கள். என் புருஷனைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும் என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அன்று காலை அவரைத் திருப்பும்போது அவர் கை கட்டில் கம்பியில் இடித்தது. வலியில் முகத்தைச் சுளித்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பாவம் என்றுகூடத் தோன்றவில்லை. அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. இந்த மனுஷன்மேல் உயிரையே வைத்திருந்தவள் நான். அது எங்கே போய்த் தொலைந்தது? திரும்பி வருமா, வராதா?

இதையே நினைத்துக்கொண்டு பால்கடை முனையில் நின்றேன். கம்பெனி பஸ் வந்து நின்றது. டிரைவர் புது ஆள். என் சட்டையைப் பார்த்துவிட்டு ஹாரனை அடித்தான். ஏறுக்கா, லேட்டாவுது என்றான். ஏறிவிட்டேன். ஏன் என்று இன்றுவரை தெரியாது. என்ன செய்ய வேண்டும் என்று யாரோ எனக்குச் சொன்னது நன்றாக இருந்தது, அவ்வளவுதான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடலாம் என்று கடைசி சீட்டில் உட்கார்ந்து ஜன்னலில் தலையைச் சாய்த்தேன்.

கண் விழித்தபோது நல்ல வெயில். பஸ்ஸில் வேறு முகங்கள். காலை ஷிப்டைக் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு, இரவு ஷிப்டை ஏற்றிக்கொண்டு பஸ் திரும்பி வந்துகொண்டிருந்தது. ராத்திரியெல்லாம் மெஷினில் நின்றவள் அசந்து தூங்குகிறாள் என்று ஒருவரும் என்னை எழுப்பவில்லை. பக்கத்து சீட்டுப் பெண் தன் துப்பட்டாவை எனக்குப் போர்த்தியிருந்தாள்.

"நைட்டாக்கா?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன். பொய் சொன்ன மாதிரியே இல்லை.

பிறகுதான் அவர் ஞாபகம் வந்தது. போன் வீட்டில் இருக்கிறது. மனுஷன் தண்ணீர்கூட எடுக்க முடியாமல், ஈரத்தில் கிடப்பார். பஸ் முனைக்கு முனை நின்றது. டிரைவரை மனசுக்குள் திட்டாத திட்டில்லை. எங்கள் தெருவில் இறங்கி ஓடினேன்.

வீட்டுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. கன்னமெல்லாம் சோப்பு நுரையோடு அவர் சாய்ந்திருந்தார். வாட்ச்மேன் வேலை முடிந்து வந்த திம்மப்பன் அண்ணன் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். பெட்பேன் கழுவிக் கவிழ்த்திருந்தது. என்னைக் காணோம் என்றதும் இவர் டம்ளரால் சுவரைத் தட்டியிருக்கிறார், அண்ணன் வந்துவிட்டார். நான் பஸ் ஏறிய கதையைப் பால்கடைக்காரரிடம் விசாரித்துச் சொன்னதும் அவர்தான். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கை இடித்தபோது ஒன்றும் தோன்றாததையும் சேர்த்தே சொல்லிவிட்டேன்.

"தெரியும்டி" என்றார். "ஒம் மொகத்துல உசிரே இல்லாமப் போயி ரொம்ப நாளாச்சு. நீ பேசவும் வேண்டாம்னுதான் நான் பாதி நேரம் தூங்குற மாதிரி கெடந்தேன். நீ பஸ் ஏறிட்டன்னு கேட்டதும் எனக்கே மூச்சு வந்த மாதிரி இருந்துச்சு."

அண்ணன் கத்தியைத் துடைத்தார். "மாத்தி விட ஆள் வராம நானு கேட்டை விட்டு நகரக் கூடாது, அது ரூலு. ஆனா ஆளே அனுப்பாம ஒருத்தர நிக்க வெச்சா தப்பு நிக்கிறவங்க மேல இல்லம்மா. இனிமே டூட்டி முடிஞ்சதும் நேரா இங்க வந்துர்றேன். நீ போய்ப் படு."

வழக்கமான பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, சரிண்ணா என்றேன்.

அதிலிருந்து காலையில் நஞ்சம்மா வீட்டில் பாய் விரித்துத் தூங்குகிறேன். சில நாள் சும்மா கடைத்தெரு வரைக்கும் நடந்துவிட்டு வருகிறேன். போன வாரம் அவரைத் திருப்பும்போது கை மறுபடியும் கம்பியில் இடித்தது. எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கையைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"எனக்கு வலி போயிருச்சு, விடுடி" என்றார்.

நான் விடவில்லை.