அறுபதைத் தாண்டினால் ஆடும் கார்

ஞாயிற்றுக்கிழமை காலை சபரிநாதன் காரை நாலுவழிச் சாலையில் ஏற்றினார். நாற்பதில் ஒன்றுமில்லை. ஐம்பதிலும் சமர்த்தாகத்தான் ஓடியது. முள் அறுபதைத் தாண்டியதும் ஸ்டியரிங் அவர் கைக்குள் நடுங்க ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்த மனைவி அழகுமீனா மடியிலிருந்த பூக்கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னமும் ஆடுதுங்க."

"நாலு டயரும் மாத்தியாச்சு. வீல் பேலன்ஸிங் பாத்தாச்சு. அலைன்மென்ட் ரெண்டு தடவ பாத்தாச்சு. இன்னும் என்னத்தப் பாக்க?"

"திருஷ்டியாத்தான் இருக்கும். இருக்கன்குடி ஆத்தா முன்னால எலுமிச்சம்பழம் வச்சு ஏத்துவோம், எல்லாம் சரியாப் போகும்."

சபரிநாதன் சிவகாசி அச்சகம் ஒன்றில் இருபது வருடமாக ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறார். மெஷினில் ஒரு பேரிங் தேய்ந்தால், தாளில் சிவப்பு மை நூலளவு விலகுவதற்கு முன்பே அவர் காதுக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட மனிதர், கார் வாங்கப் போனபோது மட்டும் காதையும் கண்ணையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். விற்றவர் அழகுமீனாவின் பெரியப்பா மகன் காசிராஜன். விருதுநகரில் பழைய கார் வாங்கி விற்பவர். மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனால் மச்சானைச் சந்தேகப்பட்டது போல் ஆகிவிடுமே! கடையில் கத்தரிக்காயைக்கூட நாம் காம்பைப் பார்த்துத்தான் எடுப்போம். சொந்தக்காரர் விற்கிற கார் என்றால் பானெட்டைத் திறக்கச் சொல்லவும் கூச்சப்படுவோம். சபரிநாதனும் காபியைக் குடித்துவிட்டுச் சாவியோடு திரும்பியிருந்தார்.

கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. நடுக்கம் அப்படியே இருந்தது. திரும்பும் வழியில், வேறு வழியில்லாமல் சாத்தூரில் இருளாண்டியின் ஒர்க்‌ஷாப்பில் காரை நிறுத்தினார்கள்.

இருளாண்டி வண்டியை ஓட்டிப் பார்த்தார். பிறகு சுற்றி வந்து பார்த்தார். டேஷ்போர்டில் அச்சகத்தின் விளம்பரக் காலண்டர் ஒன்று கிடந்தது, பிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற காந்தக் காலண்டர். அதை எடுத்து இடப்பக்க முன் சக்கரத்துக்கு மேலே வைத்தார். டக்கென்று ஒட்டியது. வலப்பக்கம் அதே இடத்தில் வைத்தார். வழுக்கிக் கீழே விழுந்தது.

"பாத்தீகளா? இங்கன தகரத்துக்கு மேல அம்புட்டும் பட்டிப் பூச்சுதான், காந்தம் ஒட்டாது."

காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் புகுந்து ஓரிடத்தில் கருப்பு பெயிண்டைச் சுரண்டினார். இஞ்சினையும் முன் சக்கரத்தையும் தாங்கும் சட்டத்தில் வெல்டிங் தழும்பு நீளமாக ஓடியது. அதன் நடுவே விரிசல்.

"எதுலயோ பலமா மோதுன வண்டிண்ணே. வளைஞ்ச சட்டத்த நிமித்தி, வெல்டு வச்சு, மேல பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்காக. இப்ப வெல்டு விட்டுக்கிட்டு இருக்கு. டயர மாத்தி என்ன பிரயோசனம்? வேகமாப் போறப்ப ஒரு பள்ளத்துல விழுந்தா, சக்கரம் ஒரு பக்கம் போகும், நீங்க ஒரு பக்கம் போவீக."

"மறுபடி வெல்டு வச்சா?"

"கொஞ்ச நாள் நிக்கும். அந்த வேலைய நான் செய்ய மாட்டேன்."

சபரிநாதன் அங்கிருந்தே காசிராஜனுக்கு போன் போட்டார். மறுமுனையில் ஒரு பதற்றமும் இல்லை.

"கோவிச்சுக்காதீக மாப்ள. என்கிட்டயும் தெரிஞ்ச ஆளுதான் தள்ளி விட்டாரு. நீங்களும் சத்தங்காட்டாம, டவுனுக்குள்ளயே ஓட்டுற ஆளாப் பாத்து குடுத்துருங்க. அறுபதுக்கு மேல போனாத்தான தெரியும்?"

சபரிநாதன் போனைத் துண்டித்துவிட்டு, காரை மெதுவாக ஊருக்கு ஓட்டினார். இவனெல்லாம் மனிதனா என்று வீடு வரும்வரை திட்டினார். ஆனால் கோபத்துக்கு ஆயுள் குறைவு. செவ்வாய்க்கிழமை, போட்ட பணம் போனதே என்று வருந்தினார். வியாழக்கிழமை, நாம மட்டும் ஏமாளியா என்று அழகுமீனாவிடம் கேட்டார். அவளும் மறுக்கவில்லை. சனிக்கிழமை, கார் விற்பனைக்கு இருப்பதாகத் தெருமுனைக் கடையில் சொல்லிவிட்டார். மச்சானைத் திட்டிய அதே வாய்தான்!

மறுநாள் காலையிலேயே ஆள் வந்தது. அதே தெருவில் இருக்கும் வேல்விழியும் அவள் கணவன் பாலகுருவும். வேல்விழி பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பாலகுருவுக்கு டிரைவர் வேலை.

"எங்க செட்டுப் பொம்பளைக அஞ்சு பேரு சேந்து வாங்கலாம்னு இருக்கோம்ண்ணே" என்றாள் வேல்விழி. "இப்ப ஒரு ஆட்டோவுல பதினோரு பேரு தொங்கிக்கிட்டுப் போறோம். கம்பெனிக்குள்ள போயிட்டா நாள் பூரா வெடிமருந்துக்குப் பயந்துக்கிட்டே இருக்கணும். போற வழியிலயாவது பயமில்லாம போவோமேன்னுதான்."

பாலகுரு காரைச் சுற்றி வந்தான். "எதுக்கும் ஒரு மெக்கானிக்கக் கூட்டியாந்து…"

"சும்மா இருங்க! அண்ணன்கிட்ட வாங்குறதுக்கு மெக்கானிக்கா? அப்புறம் மதினி முகத்துல எப்படி முழிக்க?"

காபி கொண்டுவந்த அழகுமீனா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

சபரிநாதன் மெல்லக் கேட்டார். "எந்த ரோட்டுல போவீக?"

"நாலுவழிச் சாலைதாண்ணே. சீசன் நேரம், லேட்டாப் போனா கேட்டுல விடமாட்டாக. பறந்துதான் போகணும்."

சாவி அவர் கையில் இருந்தது. நீட்டினால் போதும். வேல்விழியின் கை அதற்காகவே காத்திருந்தது. அவரால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை.

"வேண்டாம்த்தா" என்றார். "இது மோதுன வண்டி. அடியில சட்டம் விட்டிருக்கு. எனக்கு ஒரு வாரமாத் தெரியும்."

பாலகுரு குனிந்து காரின் அடியில் பார்த்தான். எழுந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது. மச்சானிடம் சோதிக்காமல் வாங்கியதையும், அவர் சொன்ன யோசனையையும் சபரிநாதன் மறைக்கவில்லை.

வேல்விழி நன்றி சொல்லுவாள் என்று அழகுமீனா நினைத்தாள். அவள் சொல்லவில்லை.

"ஒண்ணு கேக்கேன், உண்மையச் சொல்லுங்கண்ணே. நாங்க வராம வெளியூருக்காரக வந்திருந்தா, வித்திருப்பீகளா?"

சபரிநாதன் பொய் சொல்லவில்லை. "வித்திருப்பேன்."

அழகுமீனாவின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. சபரிநாதன் வேறெதுவும் பேசாமல் பழைய இரும்புக் கடைக்காரருக்கு போன் போட்டார். "ஒரு காரு இருக்கு. ஓட்டுறதுக்கு இல்ல, உடைக்கிறதுக்கு. இன்னைக்கே வந்து எடுத்துக்கோங்க."

அதைக் கேட்ட பிறகுதான் வேல்விழி அழகுமீனாவிடமிருந்து காபியை வாங்கினாள்.

"சொந்தம்னு நீங்க சோதிக்காம வாங்குனீக. தெரிஞ்சவகன்னு நானும் அதத்தான் செய்ய வந்தேன். ரெண்டு பேருக்கும் புத்தி இல்ல, அது போகட்டும். ஆனா விக்கிறவுக ஒண்ணை நினைச்சுப் பாக்கணும்ண்ணே. முன்னப்பின்ன தெரியாதவுகளும் அந்த வண்டியில பிள்ளகுட்டியோடதான உக்காருவாக?"