நாகலெட்சுமியின் பாலைவனத் தேள்

குவைத்திலிருந்து நாகலெட்சுமி திரும்பிய வாரத்தில், பொகவந்தலாவைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஆறாம் லயத்தில், வரிசை வீடுகளான பத்துக் காம்பராக்களில் ஒன்பதின் மேல் மழை பெய்தது. பத்தாவதன் மேல் பெய்யவில்லை. பத்தாவது அவளுடையது. பதினொரு வருடம் வீட்டு வேலை பார்த்துவிட்டு வந்தவளின் பெட்டியில், போர்வை மடிப்புக்குள், மஞ்சள் நிறப் பாலைவனத் தேள் ஒன்றும் வந்திருந்தது. அது அடுப்படி மூலையில் குழி பறித்துக் குடியேறியது. குழியைச் சுற்றி நாளுக்கு ஒரு படி மணல் தானாகச் சேர்ந்தது. கங்காணி வந்து கூரைத் தகரத்தைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது.

“அடிச்சுப் போட்டுரு தாயி.”

“இருந்துட்டுப் போகட்டுங்க. என்னோட வந்த உசுரு அது ஒண்ணுதான்.”

லயத்துப் பெண்கள் ஈரக் கம்பளிகளைக் கொண்டுவந்து அங்கே காயப்போட்டார்கள். காய்ந்ததும் எடுத்துக்கொண்டு போனார்கள். உட்கார்ந்து பேசியவர் யாருமில்லை. புருஷன் அவள் போன நாலாம் வருடமே இறந்துபோயிருந்தான். ஏழு வயதில் விட்டுப்போன மகள் சுதர்ஷினி, தலவாக்கலையில் அத்தை வீட்டில் வளர்ந்து, அழகுநிலையம் ஒன்றில் வேலை பார்த்தாள். இரண்டு முறை வந்தாள். வாசலில் நின்றே தேநீர் குடித்துவிட்டு, “வரேங்க” என்று போய்விட்டாள்.

மாசியில் தேள் குட்டி போட்டது. வெள்ளை வெளேரென்று முப்பத்தொரு குட்டிகள் தாயின் முதுகில் ஏறிக்கொண்டன. கேள்விப்பட்ட சுதர்ஷினி, நகப்பூச்சு உலர்த்தும் ஊதா விளக்கோடு வந்தாள். பட்டப்பகலில் கதவைச் சாத்தி விளக்கைப் போட்டார்கள். அந்த வெளிச்சத்தில் தாய்த் தேள் பச்சையாக ஒளிர்ந்தது.

“குட்டிங்க ஏன் மின்னல?”

“தோலு இன்னும் முத்தல. ஒரு தடவ உரிச்சாத்தான் மின்னும்.”

“எத்தன நாளைக்குச் சுமக்கும்?”

“பத்து நாளு. அப்புறம் எறங்கிப் போயிரணும். நின்னா தாயே தின்னுரும்.”

சுதர்ஷினி விளக்கை அணைத்தாள். “என்னைய ஏழு வயசுலேயே எறக்கி விட்டுட்டீங்க.”

நாகலெட்சுமி உலையில் இன்னும் ஒரு பிடி அரிசி போட்டாள்.

மகள் ஒன்பது நாள் தங்கினாள். வெளியே மழை கொட்ட, இருவரும் வெதுவெதுப்பான மணலில் அக்கம்பக்கமாகப் படுத்தார்கள். பத்தாம் நாள் குட்டிகள் தோலுரித்து, ஒளிர்ந்து, இறங்கி, திசைக்கொன்றாகப் போயின. அன்றைக்கே சுதர்ஷினியும் கொழும்பு பஸ் ஏறினாள். அங்கே வேலை கிடைத்திருந்தது.

அடுத்த வாரம் அவளே அழைத்தாள். “இது தண்ணி குடிக்குமா?”

“எது?”

“ஒண்ணு என் பையில வந்திருச்சு.”

“இரையிலேயே ஈரம் இருக்கும். வாரத்துக்கு ஒரு சின்னப் பூச்சி குடு, போதும்.”

அவளுடைய வாடகை அறையின் மேல் மழை நின்றுவிட்டதாம். துணி காயப்போட வசதிதான் என்றாள் நாகலெட்சுமி.

வாரம் ஒரு பூச்சி. வாரம் ஒரு அழைப்பு. தேள் வளர வளர இரை குறைந்தது. இப்போது மாதத்துக்கு ஒன்று. பூச்சி போடுகிற அன்றைக்கு மட்டும் கைபேசி அடிக்கும். நன்கு வளர்ந்த பாலைவனத் தேள் இரையே இல்லாமல் ஒரு வருடம்கூட இருக்கும் என்பது நாகலெட்சுமிக்குத் தெரியும். அதை அவள் மகளிடம் சொல்லவில்லை.