என் பட்டணத்துக்குப் போய் வந்தவர்

ஓப்போர்ட்டோ என்ற ஊரை எங்கள் வீட்டில் முதலில் அறிந்தவள் நான். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பரிசாகக் கிடைத்த பழைய இங்கிலீஷ் புத்தகத்தில், போர்ச்சுகல் தேசத்தைப் பற்றிய பகுதியில், அந்த ஊரின் படம் ஒரு முழுப் பக்கத்துக்கு இருந்தது. ஆற்றங்கரையிலிருந்து வீடுகள் ஒன்றின் தோள்மேல் ஒன்றாக ஏறி நின்றன. கீழே டூரோ ஆறு. அதன் குறுக்கே, கரையில் நட்ட கல்தூண்களிலிருந்து இரும்புக் கயிறுகளில் தொங்கிய ஒரு பாலம்.

கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த பிறகு, என் கணவர் கொழும்பில் வேலையாக இருந்த மாதங்களில், அந்தப் பாலம்தான் எனக்குத் துணை. மத்தியானம் அடுப்படி வேலை ஒழிந்ததும் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அதன்மேல் நடப்பேன். அக்கரையில் இறங்கி, படிக்கட்டுச் சந்துகளில் ஏறி, கோயில் மணி கேட்கும் இடத்தில் நின்று திரும்பிப் பார்ப்பேன். யாராவது கதவைத் தட்டினால் வீட்டுக்கு வந்து சேரச் சற்று நேரமாகும். "பாக்கியத்துக்குக் காது மந்தம்" என்று தெருவில் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

அவர் லீவில் வரும்போது அந்தப் பகுதியைத் தமிழில் சொல்லிக் காட்டுவேன். கண்ணை மூடிப் படுத்துக் கேட்பார். தூங்கிவிட்டார் என்று நான் நிறுத்தினால், "சொல்லுட்டி" என்பார். அவருக்குப் புத்தகம் படிக்கிற வழக்கம் கிடையாது. காதால் கேட்டதை மட்டும் மறக்கமாட்டார்.

கொழும்பில் அவர் இருந்தது பாட்டில் தக்கை இறக்குமதி செய்யும் கம்பெனி. ஒரு வருஷம் முதலாளி, தக்கை வருகிற போர்ச்சுகலுக்குத் தாமே நேரில் போய்ச் சரக்கு வாங்கிவரத் தீர்மானித்தார். குமாஸ்தாக்களைக் கூப்பிட்டு, ஓப்போர்ட்டோ எங்கே இருக்கிறது என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டாராம். மற்றவர்கள் விழித்தார்கள். இவர் ஊரையும் ஆற்றையும் பாலத்தையும் சொல்லியிருக்கிறார். முதலாளி இவரையே துணைக்கு அழைத்துக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார். இதையெல்லாம் அவரே சந்தோஷமாக எழுதியிருந்தார். படித்து முடித்ததும் நான் பரிசுப் புத்தகத்தை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன்.

பங்குனியில் திரும்பி வந்தார். உடம்பு சற்று வெளுத்திருந்தது. எனக்கென்று ஒரு பிஸ்கட் டப்பா கொண்டுவந்திருந்தார். அந்த ஊர்க் கடையில் வாங்கியதாம். மூடியில் ஏதோ படம் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. பிஸ்கட்டை அவருடைய அக்காள் நவமணி மைனியின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு டப்பாவைப் பரணில் கவிழ்த்து வைத்தேன். போன ஊரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் எனக்கு அடுப்பில் ஏதோ வேலை இருந்தது.

அவர் இல்லாத நேரத்தில் அவருடைய பூட்ஸை எடுத்துப் பார்த்தேன். அடித்தோல் முன்பக்கமாகத் தேய்ந்திருந்தது. ஏற்றமான தெருக்களில் நடந்த தேய்மானம். அதை விரலால் தடவினேன். எனக்கு வேண்டியிருந்தது அந்தத் தேய்மானம்தான். பட்டும் பவுனும் கொண்டுவந்து கொடுத்திருந்தாலும் என் மனம் அங்கேயேதான் நின்றிருக்கும்.

ஆடி மாதம் சாரல் விழுந்ததும் எல்லோருமாகக் குற்றாலத்துக்குப் போனோம். மைனி ஒரு வீட்டை வாடகைக்குப் பேசியிருந்தாள். அடுத்த பகுதியில் தென்காசியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பலவேசம் அண்ணாச்சியும் அவர் சம்சாரமும். காலையில் எண்ணெய் தேய்த்து அருவிக்குளியல், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் முன்கூடத்தில் உட்கார்ந்து பேச்சு. பேச்சு என்றால் இவருடைய பயணம்தான்.

பனிமூட்டத்தை நம் சாரலோடு ஒப்பிட்டுச் சொன்னார். கைகளை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுகிற சந்துகளைச் சொன்னார். வீடுகள் தோள்மேல் தோளாக ஏறி நிற்பதைச் சொன்னார். நான் சுவரோரமாக உட்கார்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். தோள்மேல் தோள் என்றதும் கை நின்றது. அது என் வார்த்தை. புத்தகத்தில்கூட அப்படி இல்லை.

மைனி என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "ஏலே ரத்தினம், அந்தப் பட்டணத்துப் பேச்செடுத்தாலே இவ மூஞ்சி சுண்டிப் போவுது பாத்தியா? சக்களத்தியப் பத்திப் பேசுன மாதிரில்லா இருக்கா."

அண்ணாச்சி சிரித்தார். "வெள்ளக்காரி எவளாவது சோறு போட்டாளா, மாப்ளே? உள்ளதச் சொல்லிரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு பாலத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். கல்தூண்களிலிருந்து இரும்புக் கயிறுகளில் தொங்குகிற பாலம், காற்றடித்தால் காலுக்கடியில் தொட்டில்போல் அசையும் என்றார். தொட்டில் என்பதும் நான் சொன்னதுதான்.

மைனி அச்சுமுறுக்கை ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அது கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த பிஸ்கட் டப்பா; புறப்படும்போது மைனி எடுத்திருக்கிறாள். மூடியைத் திறக்கும்போதுதான் முதல் தடவையாக அந்தப் படத்தைப் பார்த்தேன்.

ஆறு அதுதான். ஏறி நிற்கும் வீடுகள் அவைதான். பாலம் வேறு. பெரிய இரும்பு வளைவு ஒன்று கரைக்குக் கரை குதித்து நின்றது. அதன் தலைமேல் ஒரு பாதை, காலடியில் இன்னொரு பாதை. கயிறு எங்கும் இல்லை. படத்துக்குக் கீழே ஊரின் பெயர் அச்சடித்திருந்தது.

அண்ணாச்சி முறுக்குக்குக் கை நீட்டினார். நான் மூடியை மடியில் கவிழ்த்து முந்தானையால் மூடிக்கொண்டு டப்பாவை மட்டும் கொடுத்தேன். என் கணவரைக் காப்பாற்ற அப்படிச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். அங்கே அவர் விரித்துக்கொண்டிருந்தது என்னுடைய ஊர். அதைப் பொய் என்று யாரும் சொல்லக் கேட்க எனக்குப் பொறுக்காது.

மறுநாள் காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு நடந்தோம். மைனியும் மற்றவர்களும் முன்னால் போய்விட்டார்கள். அவர் தலையிலிருந்து எண்ணெய் நெற்றிக்கு வழிந்துகொண்டிருந்தது. அந்த ஊரைப் பற்றி நாலு மாதத்தில் முதல் தடவையாகக் கேட்டேன்.

"அந்தப் பாலத்துக்கு எத்தன பாதை?"

அவர் நடையை நிறுத்தவில்லை. நெற்றி எண்ணெயைப் புறங்கையால் வழித்துக்கொண்டார். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. 

"ரெண்டு" என்றார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். தங்கியிருந்தது ஊருக்கு எதிர்க்கரையில். தக்கையைத் தரம் பிரிக்கிற சரக்குக் கிட்டங்கியில் பகல் முழுக்க வேலை. ஊரை ஆற்றுக்கு இந்தப் பக்கமிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு கீழ்ப்பாதை வழியாகத் தனியாக நடந்துபோயிருக்கிறார். என் தொங்கு பாலத்தைத் தேடித்தான் போயிருக்கிறார். அக்கரையில், புதுப் பாலத்துக்குப் பக்கத்திலேயே, இரண்டு கல்தூண்கள் மட்டும் நின்றன. நடுவில் ஆகாயம். யாரோ ஒரு பெண் அந்தத் தூண்களுக்கிடையே கொடி கட்டி ஈரத்துணி காயப்போட்டிருந்தாள். பாலத்தை எப்போதோ பிரித்தெடுத்துவிட்டார்கள்.

"அந்தத் தூணுக்கடியிலேயே உக்காந்துட்டேன்" என்றார். "ஒனக்கு எப்படிச் சொல்லதுன்னு யோசிச்சிட்டிருந்தேன். வெறுங்காலோட மீன்கூட சொமந்துக்கிட்டு ஒரு கிழவி வந்தா. என்னமோ கேட்டா. எந்த ஊருன்னு கேக்கான்னு நெனச்சு, தென்காசின்னேன். அவளும் தென்காசின்னு சொல்லிப் பாத்தா. நாக்கு பொரளல. சிரிச்சிட்டுப் போயிட்டா. பொறவு இருட்டுற மட்டும் மேலயும் கீழயும் நடந்தேன்."

"அப்ப ஏன் இல்லாத பாலத்தச் சொன்னிய?"

"அவங்க கேக்கும்போது நான் பாத்தது வாயில வரல. நீ சொன்னதுதான் வந்துது. அது நல்லாவும் இருந்துது." துண்டைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, "நான் பாத்தது எனக்குள்ளயே இருக்கட்டும்னு நெனச்சேன்" என்றார்.

அருவிச் சத்தம் நெருங்கியது. அவர் ஆண்கள் பக்கம் போனார், நான் பெண்கள் பக்கம் போனேன். தண்ணீர் முதுகில் அறைந்தது. பக்கத்தில் நின்ற பெண்கள் கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் குளிரே தெரியவில்லை. பாலம் போனதற்கு வருத்தப்படுவேன் என்று எதிர்பார்த்தேன், வருத்தம் வரவில்லை. வெறும் தூணுக்கடியில் நான் உட்காரவில்லையே என்பதுதான் உள்ளே எரிந்தது. தென்காசி என்ற சொல் அந்த ஆற்றங்கரையில் இரண்டு வாயிலிருந்து விழுந்திருக்கிறது. அதைக் கேட்க நான் அங்கே இல்லை. அதைவிட, அதை அவர் தமக்கென்று ஒளித்து வைத்திருந்தார். என் ஊரை எல்லோருக்கும் வாரி இறைத்துவிட்டு, தம் ஊரை மட்டும் பூட்டி வைத்திருந்தார்.

அன்று சாயங்காலமும் முன்கூடத்தில் கூடினோம். வெளியே சாரல். முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து அவரைச் சொல்லச் சொன்னாள் மைனி. அவர் தொண்டையைச் செருமினார். நான் டப்பாவின் மூடியை எடுத்து, படம் மேலே தெரியும்படி நடுவில் வைத்தேன்.

"தொங்கு பாலம் இப்ப அங்க கெடையாது அண்ணாச்சி" என்றேன். "அது என் புஸ்தகத்துல உள்ளது. இவுகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது. அங்க உள்ளது இதுதான்."

அண்ணாச்சி மூடியை விளக்கருகே பிடித்துப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார். "அப்படின்னா மாப்ளே, கப்பல்ல போனது நீயா, ஒன் பொஞ்சாதியா?"

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு நான் சொல்லத் தொடங்கினேன். கீழ்ப்பாதையில் நடந்து போனதை, இரண்டு தூண்களுக்கு நடுவே ஆகாயம் நின்றதை, பாலம் தொங்கிய இடத்தில் ஒருத்தியின் ஈரத்துணி தொங்கியதை. கிழவியின் கூடையிலிருந்து அடிக்கு அடி தண்ணீர் சொட்டியதைச் சொன்னேன். அது அவர் சொன்னதில் இல்லை. ஆனாலும் சொட்டியிருக்கும். அவள் தென்காசியை வாயில் போட்டுப் புரட்டிப் பார்த்ததைச் சொன்னபோது மைனி முறுக்கைக் கடிக்க மறந்து உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாள் அவர் சொன்ன எதையும் இப்படி யாரும் கேட்கவில்லை.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் எனக்குப் பழக்கமானது. அவர் ஊர் திரும்பியதிலிருந்து நான் கண்ணாடியில் தினமும் பார்த்த என் சுண்டிய முகம். அப்போது அது அவரிடம் இருந்தது.

மற்றவர்கள் எழுந்து சாப்பிடப் போனார்கள். அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். மூடியை எடுத்துப் படத்தின்மேல் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"அது என்னோட ஞாயித்துக்கெழமைல்லா, பாக்கியம்."

 நான் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினேன். அடியில் ஒரே ஒரு முறுக்கு கிடந்தது.