குறை சொன்ன பேங்க்

வட்டி என்ற சொல் காதில் விழுந்ததுமே என் வீட்டுக்காரர் அங்கப்பன் சாப்பாட்டுத் தட்டோடு கொல்லைக்குப் போய்விட்டார். அங்கே எங்கள் ஈமுக் கோழி நிற்கிறது. பெயர் மேனேஜர்.

கல்யாணமான புதிதில், மாதா மாதம் கொழுத்த வட்டி தருகிறோம் என்ற ஈமுக் கம்பெனி ஒன்றில், என் தாலிக்கொடி தவிர மற்ற நகையையெல்லாம் விற்றுப் பணம் போட்டார். கம்பெனிக்காரன் கம்பி நீட்டிவிட்டான். எங்கள் பங்குக்கு, அவன் வளர்க்கக் கொடுத்திருந்த ஈமுக் குஞ்சுகள்தான் மிஞ்சின. தீனி போட முடியாமல் சென்னிமலைப் பக்கம் பலரும் அவிழ்த்துவிட்டபோது, இவர் மட்டும் ஒன்றை வைத்துக்கொண்டார். "அது என்ன பண்ணுச்சு, பாவம்" என்றார். ஓடிப்போன அந்தக் கம்பெனி மேனேஜரின் பதவியை அதற்குப் பெயராக வைத்தார். இந்த மனுசனைத் திட்டலாம் என்றால் எனக்கு வாய் வருவதில்லை. அவ்வளவு பிடிக்கும்.

ஆனால் இப்போது அவர் கையெழுத்து எனக்கு வேண்டும். போர்வைக்கு ஓரம் தைத்துச் சேர்த்த காசு, பவர் தையல் மிஷின் வாங்குவதற்காக, எங்கள் இருவர் பெயரிலும் பழைய பேங்கில் தூங்குகிறது. ஈரோட்டில் ஒரு புது பேங்கில் சேமிப்புக் கணக்குக்கே இரண்டு மடங்குக்கு மேல் வட்டியாம். எஃப்.டி. மாதிரி முடங்காது, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். அந்த வட்டியில் மிஷினே வராவிட்டாலும் அதன் மோட்டாருக்காவது ஆகும்.

"அந்த ஈமுக்காரனும் இப்புடித்தான் அம்மணி, ஏசி ரூம்ல உக்கார வெச்சு ஜூஸு குடுத்தான்" என்றார். எப்படியோ கெஞ்சிக் கூட்டிப்போனேன்.

போன நேரம், அங்கேயும் ஏசி, அங்கேயும் ஜூஸ். இவர் டம்ளரைத் தொடவில்லை. எதிரில் இருந்த பிரவீனா என்ற பெண்ணிடம், "ஏனுங்க கண்ணு, இதுல என்ன கொறைங்க?" என்று கேட்டார். எனக்கு மானமே போனது.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "இருக்குதுங்கண்ணா. இந்த வட்டி இப்புடியே இருக்கும்னு சொல்ல முடியாதுங்க, கொறைஞ்சாலும் கொறையும். ஒரு லட்சத்துக்கு மேல இருக்கற தொகைக்குத்தான் இது, அதுக்குக் கீழன்னா உங்க பழைய பேங்கு மாதிரியேதான். மினிமம் பேலன்ஸ் இல்லீன்னா பைன் புடிப்போம். அஞ்சு லட்சத்துக்குத்தான் இன்சூரன்ஸ், அதுக்கு மேல இங்க வெக்காதீங்க."

இவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜூஸை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் பேனாவுக்குக் கை நீட்டினார்.

திரும்பும்போது பஸ் வெள்ளோடு தாண்டியதும் மெல்லச் சொன்னார். "அந்த ஈமுக்காரன் ஒரு கொறைகூடச் சொல்லலையே, அம்மணி. ஒண்ணே ஒண்ணு சொல்லியிருந்தாலும் உன்ற நகையத் தொட்டிருக்க மாட்டேன்."

இத்தனை வருடத்தில் என் நகையைப் பற்றி அவர் வாய் திறந்தது அன்றுதான். பஸ்ஸில் ஆட்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கீரைக்கட்டோடு நேரே கொல்லைக்குப் போனார். மேனேஜர் என்று கூப்பிட வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். "உனக்கு வேற பேரு வெக்கோணும் சாமி" என்றார். அது அவரைவிட உயரமாகக் கழுத்தை நீட்டி, கீரையை விட்டுவிட்டு, சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த புது பாஸ்புக்கைக் கவ்வியது. இவர் மறுமுனையை விடவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.