பத்திரிகை வைக்கப் போன நாள்

வேன் ஆலப்பாக்கத்தைத் தாண்டுவதற்குள் அமிர்தம் மூன்று பொய் சொல்லி முடித்திருந்தாள். புருஷனுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்றாள். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்றாள். சின்ன வயதிலிருந்தே அதிகம் பேச மாட்டார் என்றும் சொல்லிவைத்தாள். மூன்றாவதுதான் அநியாயம். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்த கொளஞ்சியப்பன் வாயைத் திறந்தால் லேசில் மூட மாட்டார் என்பது திருப்பாதிரிப்புலியூரில் பாதிப் பேருக்குத் தெரியும். நல்ல வேளையாக அந்தப் பாதிப் பேரில் ஒருவர்கூட அந்த வேனில் இல்லை. வேன் முழுக்க மாப்பிள்ளை வீட்டார்.

அமிர்தத்துக்கும் கொளஞ்சியப்பனுக்கும் ஒரே மகள், இளவரசி. ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா கார்த்திகேசன்தான் வேனை ஏற்பாடு செய்திருந்தார். சிதம்பரம் போய் முதல் பத்திரிகையை நடராஜர் பாதத்தில் வைப்பது, கோயிலையும் ஊரையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது, சாப்பிட்டுவிட்டு கிள்ளையில் இருக்கும் அவருடைய அக்கா வீட்டுக்குப் போவது, அப்படியே பிச்சாவரத்தில் படகு ஏறிவிட்டுத் திரும்புவது என்று திட்டம். கிள்ளை அக்காவுக்குப் பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் ஜோடியாக நின்று பத்திரிகை கொடுக்க வேண்டும். அவர் கையில் வாங்கிய பிறகுதான் ஊரில் மற்றவர்களுக்குக் கொடுப்பார்கள். அவர்கள் வீட்டு வழக்கம் அது. அதனால் கொளஞ்சியப்பனை வீட்டில் விட்டுவிட்டு வர அமிர்தத்துக்கு வழியில்லாமல் போயிற்று.

இரண்டு வருஷமாக அவருக்கு நினைவு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. முதலில் ஆட்கள் பெயர், பிறகு தெரு, பிறகு சாப்பிட்டோமா இல்லையா என்பது. ஊரில் ஒவ்வொரு மின்கம்பத்தையும் எண் சொல்லி அழைத்த மனுஷன் சமையலறை சுவிட்சைத் தேடிச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். புதுச்சேரி டாக்டர் இது இனி கூடத்தான் செய்யும், குறையாது என்று சொல்லிவிட்டார். விஷயம் அமிர்தத்துக்கும் இளவரசிக்கும் மட்டும்தான் தெரியும். தாலி ஏறும்வரை வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்று அமிர்தம் ஒற்றைக் காலில் நின்றாள்.

அவள் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வேன் புதுச்சத்திரத்தில் டீக்கு நின்றபோதுகூட மாப்பிள்ளையின் அம்மா மனோரஞ்சிதம் சாவகாசமாக ஒரு கதை சொன்னாள். பண்ருட்டிப் பக்கம் ஒரு பெண் பார்த்தார்களாம். பெண் லட்சணமாக இருந்ததாம். பெண்ணின் பெரியப்பாவுக்கு மூளையில் ஏதோ கோளாறு என்று கேள்விப்பட்டதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். "ரத்தத்துல வர்றது சம்பந்தி. நாளைக்கு நம்ம பேரப்புள்ளைக்கு வந்தா யாரு பதில் சொல்றது?" என்றாள். அமிர்தம் டீயை வாயில் வைத்தபடியே தலையாட்டினாள்.

கோயிலில் நல்ல கூட்டம். சந்நிதிக்கு முன்னால் இருக்கும் கனகசபை மேல் ஏறுகிற ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். மற்ற ஆண்களெல்லாம் கழற்றிய சட்டையை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டார்கள். கொளஞ்சியப்பன் மட்டும் சட்டையை மடித்து மனைவியிடம் நீட்டினார். முப்பது வருஷப் பழக்கம். அமிர்தமும் பழக்கதோஷத்தில் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அந்தச் சட்டைப் பையில்தான் அவருடைய செல்போன் இருந்தது. அவர் தொலைந்தால் யாராவது கூப்பிடட்டும் என்று அவளே தன் நம்பரை எழுதி, உள்பக்கம் வைத்துத் தைத்த துணித்துண்டும் அந்தச் சட்டையில்தான் இருந்தது.

அவளும் கூடவே ஏறியிருப்பாள். மனோரஞ்சிதம் கையைப் பிடித்து, ஆம்பளைகள் முதலில் போகட்டும், நாம் அடுத்த முறை போகலாம் என்று நிறுத்திவிட்டாள். கார்த்திகேசன்தான் கூட இருக்கிறாரே என்று அமிர்தம் மனதைத் தேற்றிக்கொண்டாள். கார்த்திகேசன் பத்திரிகைத் தட்டை தீட்சிதரிடம் கொடுத்து, பெயர், நட்சத்திரம் சொல்லி, அர்ச்சனை முடிந்து திரும்பிப் பார்த்தபோது பக்கத்தில் கொளஞ்சியப்பன் இல்லை. கீழே இறங்கியிருப்பார் என்று நினைத்து அவரும் மறுபக்கமாக இறங்கி வந்தார்.

"சம்பந்தி இங்க வரலியா?" என்று அவர் கேட்டார். அமிர்தத்திடம் அடுத்த பொய் தயாராகவே இருந்தது. அவருக்கு இந்தக் கோயில் தண்ணி பட்ட பாடு, குளத்துப் பக்கம் காத்தாட உட்கார்ந்திருப்பார், நான் போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு நடந்தாள். அவர்கள் பார்வையிலிருந்து மறைந்ததும் ஓடினாள்.

சிவகங்கைக் குளத்துப் படிகளில் யார் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அவர் இல்லை. தண்ணீரை எட்டிப் பார்த்தாள். பார்த்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டாள். ஆயிரங்கால் மண்டபம், அம்மன் சந்நிதி, பிராகாரம் என்று எங்கே திரும்பினாலும் வெள்ளை வேட்டியும் வெறும் உடம்பும் விபூதிப் பட்டையுமாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து பார்த்தால் எல்லோரும் அவரே. இரண்டு பேரின் முதுகைத் தொட்டுத் திருப்பிவிட்டு மன்னிப்புக் கேட்டாள். பதற்றத்தில் அவருடைய நம்பருக்குப் போன் போட்டாள். மணி அவள் தோளிலேயே அடித்தது. சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு தூணோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு எழுந்து வெளியே போனாள். நான்கு பக்கமும் கோபுரம், நான்கு பக்கமும் வாசல். அறிவு தெளிவாக இருப்பவர்களே எந்த வாசலில் செருப்பை விட்டோம் என்று முழிக்கிற கோயில் அது. கீழ வீதியிலிருந்து தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி என்று வெறுங்காலோடு வெயிலில் சுற்றினாள். டீக்கடை, பாத்திரக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு என்று எல்லா இடத்திலும் விசாரித்தாள். அங்கேயும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. எங்க வீட்டுக்காரர் இந்தப் பக்கம் வந்தாரா என்று மட்டும் கேட்டாள். சட்டை போடாத பெரியவரைச் சிதம்பரத்தில் யார் கவனிப்பார்கள்?

உச்சிக்கால பூஜை முடிந்து நடை சாத்திவிட்டார்கள். வேனில் பிள்ளைகள் பசி தாங்காமல் அழ ஆரம்பித்தன. அவருக்குத் தெரிந்த ஈபி ஆபீஸ்காரர் ஒருவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறாராம், நீங்கள் சாப்பிடுங்கள் என்று அமிர்தம் வந்து சொன்னாள். மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். அவள் மறுபடி வீதியைச் சுற்றினாள். சாப்பிட்டுவிட்டு வந்தும் அவரைக் காணோம். கார்த்திகேசன் கடிகாரத்தைப் பார்த்தார். கிள்ளையில் அக்கா காலையிலிருந்து சமைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள், ஆபீஸ்காரரிடம் அப்படி என்ன பேச்சு என்று குரலை உயர்த்தினார். போன் போடுங்களேன் என்றார். அமிர்தம் தோளில் கிடந்த சட்டையைப் பார்த்தாள். சொல்வதற்கு மேற்கொண்டு பொய் எதுவும் அவளிடம் இல்லை. எங்கே தேடியும் ஆளைக் காணோம் என்று மட்டும் சொன்னாள்.

"நீங்க வாங்க சம்பந்தி, போலீஸ்ல ஒரு வார்த்த சொல்லிடுவோம்" என்று மனோரஞ்சிதம்தான் கீழைக் கோபுரத்துப் பக்கம் இருந்த போலீஸ் பூத்துக்கு அவள் தோளில் கை வைத்து அழைத்துப் போனாள்.

ஏட்டு நிதானமாகக் கேட்டார். வயசு அறுபத்தொன்று என்கிறீர்கள், படித்தவர், வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பிள்ளையா தொலைவதற்கு? வேன் நிற்கிற இடம் அவருக்குத் தெரியாதா, அவரே வந்துவிட மாட்டாரா என்றார். அமிர்தம் பக்கத்தில் நின்ற மனோரஞ்சிதத்தைப் பார்த்தாள். மகள் முகம் கண்ணில் வந்தது. நிச்சயப் புடவையில் அவள் தலைகுனிந்து சிரித்தது வந்தது. பெற்ற மகளின் வாழ்க்கையைத் தன் வாயாலேயே கெடுக்கப் போகிறோமே என்று நினைத்தாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் அவர் எங்கோ கிடக்கிறார்.

"வர மாட்டாருங்க. அவருக்கு ஞாபகம் போயிடுச்சு. வேனும் தெரியாது, ஊரும் தெரியாது. ரெண்டு வருஷமா இப்பிடித்தான் இருக்காரு. நான்தான் எல்லார்கிட்டயும் மறைச்சுட்டேன்" என்றாள். மனோரஞ்சிதத்தின் கை அவள் தோளிலிருந்து மெல்ல விலகியது.

சற்று நேரத்தில் மைக் அலறியது. ஞாபக மறதி நோய் உள்ளவர், பெயர் கொளஞ்சியப்பன், கடலூர் திருப்பாதிரிப்புலியூர், சட்டை அணியவில்லை, பார்த்தவர்கள் தகவல் தரவும் என்று மூன்று முறை சொன்னார்கள். வீதியில் நின்ற வேனுக்கும் அது துல்லியமாகக் கேட்டது. அமிர்தம் வேனுக்குத் திரும்பிப் போனாள். கார்த்திகேசன் திட்டவில்லை. பத்திரிகைகள் இருந்த பையை மடியிலிருந்து எடுத்துச் சீட்டுக்கு அடியில் தள்ளினார்.

"கிள்ளைக்கு இன்னிக்குப் போவ வேணாம்" என்றார் டிரைவரிடம்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அமிர்தத்துக்குத் தெரிந்தது. அழக்கூட நேரமில்லாமல் திரும்பி நடந்தாள். இனி மறைக்க ஒன்றும் இல்லாததால் எதிர்ப்பட்ட எல்லோரிடமும் சத்தமாகவே கேட்டாள், புத்தி தடுமாறின மனுஷன், பார்த்தீங்களா என்று. பின்னால் காலடி கேட்டது. மனோரஞ்சிதம் வந்துகொண்டிருந்தாள்.

தெற்குக் கோபுர வாசலில் பிச்சைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்பு இரண்டு முறை அமிர்தம் அந்த வரிசையைக் கடந்து போயிருந்தாள். தன் புருஷனை அங்கே தேடலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. இந்த முறை பார்த்தாள். கடைசியில், ஒரு கிழவருக்கும் சுவருக்கும் நடுவில், யாரோ கொடுத்த தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு கொளஞ்சியப்பன் உட்கார்ந்திருந்தார். வெயிலில் உதடு வெடித்திருந்தது.

நெய்விளக்கு விற்கிற பெண் அமிர்தத்திடம் குறைபட்டுக்கொண்டாள். காலையிலிருந்து இங்கேயே இருக்கிறார், பேர் என்ன, ஊர் என்ன என்று எத்தனை தரம் கேட்டும் சிரிக்கிறாரே தவிரப் பதில் இல்லை. மைக்கில் சொன்னார்களே, அது நீங்களா பெரியவரே என்றும் கேட்டாளாம். இல்லை என்று தலையாட்டினாராம்.

அமிர்தம் அவர் முன்னால் குந்தினாள். "மாமா" என்றாள்.

அவர் சிரித்தார். கடைக்காரரைப் பார்த்து, பக்கத்து வீட்டாரைப் பார்த்து, காலையில் வேன்காரரைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. ஊரை மறந்திருக்கிறார், தம்பியை மறந்திருக்கிறார், ஒருநாள் மகளைக்கூட யாரென்று கேட்டிருக்கிறார். அமிர்தத்தை மட்டும் மறந்ததில்லை. இன்று அவள் முகத்தை அவருக்குத் தெரியவில்லை.

"மைக்குல உங்க பேரச் சொன்னாங்களே, கேக்கலியா?" என்றாள்.

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவள் பக்கம் சாய்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கேட்டுச்சு. ஆனா நான் யாருன்னு சொல்லக் கூடாதும்மா. யாரு கேட்டாலும் வாயத் தொறக்காம சிரிச்சா போதும்னு எம் பொண்டாட்டி சொல்லிருக்கா. பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். தெரிஞ்சா கெட்டுப்போயிடும்."

மனோரஞ்சிதம் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு கோபுரத்துப் பக்கம் திரும்பி நின்றாள்.

"அவ இந்தப் பக்கந்தான் வருவா. வந்தா நீங்க ஒண்ணு சொல்லணும்" என்றார் கொளஞ்சியப்பன். "நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலன்னு சொல்லுங்க."

"சொல்றேன்" என்றாள் அமிர்தம்.