கிராணி மூன்று முறை ஏறிய மலை

கோலசிலாங்கூர் பக்கம் நிலம் தோசைக்கல் மாதிரி. ஒரு கோலியைக் கீழே வைத்தால் எந்தப் பக்கம் உருளுவதென்று தெரியாமல் அங்கேயே நிற்கும். அந்த எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் ஆக உயரமானது தண்ணீர்த் தொட்டி. அதற்கு அடுத்தபடி உயரமானது தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி அழகேசனின் பேச்சு.

அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் மலை ஏறினேன் என்று சொன்னால் மறுப்பதற்கு ஆள் ஏது? அழகேசன் மூன்று முறை ஏறியவர். ஆதாரம் அவர் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. கையில் தடி, காலில் பூட்ஸ், இடுப்பில் ஒரு கை. பின்னால், உச்சியெல்லாம் வெள்ளை வெளேரென்று ஒரு மலை. கல்யாணத்துக்கு முன்பு டவுன் ஸ்டுடியோவில் எடுத்த படம். ஸ்டுடியோக்காரரிடம் மூன்று பின்னணித் திரைகள் இருந்தன: தாஜ்மகால், ஆகாய விமானம், மலை. தாஜ்மகாலுக்கு ஜோடி வேண்டும். விமானத்துக்கு இறக்கை கிழிந்திருந்தது. ஆகவே அழகேசன் மலையேறினார்.

“இது எந்த மலைங்க ஐயா?” என்று யாரோ கேட்டபோது வாயில் முதலில் வந்த பெயரைச் சொல்லிவைத்தார்.

“புக்கிட் குத்து. கோலகுபு பக்கம்.”

“உச்சியில வெள்ளையா இருக்குங்களே?”

“ஐஸ். உயரம் அப்படி.”

வேலைக்கு ஆள் வந்தது வராதது எல்லாம் சம்பளக் கணக்கில் எழுதுகிற கை அது. நம்பாதவர்களும் நம்பினார்கள். கல்யாண மேடையோ கோயில் திருவிழாவோ, எங்கே மைக் கிடைத்தாலும் அழகேசன், “நான் மலையேறிய காலத்தில்...” என்று தொடங்குவார். மணமக்கள் உட்கார்ந்துவிடுவார்கள்.

அவர் செய்த ஒரே கணக்குப் பிழை, கலும்பாங்கில் பெண் எடுத்தது. அங்கே வாசலில் நின்றாலே மலைகள் தெரியும். மனைவி லீலாவதிக்கு உண்மை தெரியும். வீட்டில் ஒரு மலை இருந்துவிட்டுப் போகட்டுமே என்று விட்டுவிட்டாள். மாமியார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கிராணிக்கு முழங்கால் வலி வந்துவிடும்.

மகள் ரமணிக்கு ஆறு வயதான வருடம் அந்த வலி பலிக்கவில்லை. பள்ளி விடுமுறைக்குக் கலும்பாங் வந்திருந்தார்கள்.

“அப்பா, உங்க மலை இங்க கிட்டதானாமே? மாமா லோரியில கூட்டிட்டுப் போறேன்னாரு.”

மாமா என்பது லீலாவதியின் தம்பி சேது. லோரி ஓட்டுபவன், சிரிப்பை மீசைக்கடியில் ஒளித்துவைத்துக்கொண்டு பேசுபவன்.

“நாளைக்கே போவோம் மச்சான். மூணு தடவ ஏறினவருக்கு இது என்ன, அடுப்படிக்குப் போயிட்டு வர்ற மாதிரிதான?”

“செங்குத்துடா அது. புள்ள எப்படி ஏறும்?”

“கால் வலிச்சா நான் தூக்கிக்கிறேன். நீங்க வழிய மட்டும் காட்டுங்க.”

ரமணி அதற்குள் மூட்டை கட்டிவிட்டாள். மூடியுள்ள ஒரு காலி மைலோ டின். ஒரு சின்னப் போத்தலில் சிவப்புச் சிராப். உச்சியில் ஐஸைச் சுரண்டி, சிராப் ஊற்றி, அங்கேயே ஐஸ் கச்சாங் சாப்பிடுவது. மிச்ச ஐஸை டின்னில் அடைத்துக் கொண்டுபோய்ப் பாலர் பள்ளியில் எல்லாருக்கும் கொடுப்பது. வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அதைக் கேட்ட அழகேசனுக்கு அப்போதே வேர்த்தது.

மறுநாள் விடியும்போது மலையடியில் லோரி நின்றது.

“அப்பா, படத்துல போட்டிருக்கிற பூட்ஸ் எங்க?”

“தேஞ்சு போச்சும்மா.”

அந்த பூட்ஸ் ஸ்டுடியோக்காரருடையது. கிராணி ஆபீசுக்குப் போடும் கறுப்புச் சப்பாத்தில் வந்திருந்தார், பாலீஷ் போட்டு. கையில் மட்டும் படத்தில் இருப்பது போல ஒரு தடி.

ஆற்றங்கரையில் ரமணி கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது சேது அவரை ஓரமாக இழுத்தான்.

“மச்சான், ஸ்கவுட்ல இருந்தப்ப நான் ஒரு தடவ மேல போயிருக்கேன். அங்க ஐஸும் இல்ல, ஐஸ்காரனும் இல்ல. எறங்கறதுக்குள்ள புள்ளகிட்ட நீங்களே சொல்லிடுங்க. இல்லன்னா நான் சொல்லிடுவேன்.”

“டேய், மானத்த வாங்காதடா.”

“வாங்கல மச்சான். இருக்கான்னு பாக்கத்தான் போறோம்.” சேது கால்சட்டையை மடித்துவிட்டான். “ஒண்ணு கேக்கணும். குத்துன்னா மலாய்ல பேனு. பேன் மலைக்கா இத்தன வருசமா மைக் புடிச்சீங்க?”

அழகேசன் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். வழிகாட்டி அல்லவா.

காட்டுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் பச்சையாகிவிட்டது. பிறந்ததிலிருந்து மரங்களை வரிசையில்தான் பார்த்திருக்கிறார் அவர். செம்பனை எந்தப் பக்கம் திரும்பினாலும் கோடு போட்ட மாதிரி நிற்கும், கணக்குக்குள் நிற்கும். இங்கே ஒரு மரம் இன்னொன்றின் தோளில் சாய்ந்திருந்தது. விழுந்து கிடந்த ஒன்றின் முதுகில் ஒரு கூட்டம் கன்றுகள் எழுந்து நின்றன. ஒரு மரத்தின் வேர்கள் ஆள் உயரச் சுவர்களாகக் கிளம்பியிருக்க, ரமணி அறைக்குள் நுழைவதுபோல் அவற்றுக்கு நடுவே போனாள். அண்ணாந்தாள். அண்ணாந்துகொண்டே பின்னால் சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பா, இதுக்குத் தலை எங்க?”

அழகேசனும் அண்ணாந்தார். தண்ணீர்த் தொட்டியை இரண்டு மூன்று ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் எட்டாத இடத்தில் அடிமரம் இலைகளுக்குள் மறைந்துபோயிருந்தது. தலை தெரியவில்லை.

“இந்த மரத்துக்கெல்லாம் யாருப்பா மண்டோர்?”

வேலை வாங்க ஒரு மண்டோர் இல்லாமல் எதுவும் வளராது என்பதுதான் அவள் அறிந்த உலகம். கிராணி வாயைத் திறந்தார். எந்தக் கேள்விக்கும் மைக் இல்லாமலே பதில் சொல்லக்கூடியவர். இதற்கு அடிமரத்தை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார்.

“இங்க மண்டோர் கெடையாதுலா,” என்றான் சேது. “அதான் இப்படி வளந்திருக்கு.”

கொஞ்சம் மேலே பாதை இரண்டாகப் பிரிந்தது. சேது பணிவாகக் கைகட்டி நின்றான்.

“எடமா, வலமா மச்சான்?”

அழகேசன் காற்றை முகர்ந்து பார்த்தார். சூரியனைத் தேடினார். “எடம்,” என்றார். இடப் பக்கப் பாதை ஒரு மூங்கில் புதரில் போய் முட்டி நின்றது.

“தெரிஞ்சுதான் வந்தேன். புள்ளைக்கு மூங்கில் காட்டலாம்னு.”

சேது ஏதோ சொல்லப்போனான். அதற்குள் காற்று வந்தது. கிராணியின் தொடை பருமன் மூங்கில்கள், ஒவ்வொன்றும் வீட்டைத் தாண்டும் உயரம், மெதுவாக ஒன்றோடொன்று உரசி முனகத் தொடங்கின. முனகல் ஒரு பக்கம் தொடங்கி, தலைக்குமேல் கடந்து, மறுபக்கம் போய் அடங்கியது. ரமணி அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள அப்பாவுக்கும் ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. மூவரும் திரும்பி வந்து வலப் பக்கம் ஏறினார்கள்.

அதற்கப்புறம் நடை இல்லை, ஏற்றம்தான். வேரைப் பிடித்து, பாறையைப் பிடித்து, சில இடங்களில் நான்கு காலில். சேதுவின் முதுகில் கொஞ்சம், சொந்தக் காலில் கொஞ்சமாக ரமணி ஏறினாள். கிராணியின் சப்பாத்து ஒவ்வொரு அடிக்கும் ஓர் அடி பின்னால் வழுக்கியது. அட்டைகள் பதவி பார்க்கவில்லை.

மூச்சு வாங்கிய ஓர் இடத்தில் அவர் மனதைத் திடப்படுத்திக்கொண்டார்.

“பாப்பா, அப்பா உனக்கு ஒண்ணு சொல்லணும். இந்த ஐஸு...”

தலைக்குமேல் ரயில் மூச்சு விடுவது போல ஒரு சத்தம். அழகேசன் தலையில் கைவைத்துக் குந்திவிட்டார். ரமணி நிமிர்ந்து நின்றாள். இரண்டு இருவாட்சிகள், அலகின்மேல் இன்னோர் அலகைக் கவிழ்த்த மாதிரி, கிளைகளுக்கு மேலே கடந்து போயின. இறகு காற்றைத் தள்ளும் சத்தமே அவ்வளவு பெரிது. பறவைகள் மறைந்து வெகுநேரம் கழித்தும் அவள் வாய் மூடவில்லை.

“என்னப்பா சொன்னீங்க?”

“ஒண்ணுமில்லம்மா.”

உச்சியில் ஐஸ் இல்லை. மரங்களுக்கு நடுவே ஒரு புகைக்கூண்டு மட்டும் தன்னந்தனியாக நின்றது. சுவர் இல்லை, கூரை இல்லை, வீடே இல்லை. கல்லும் செங்கல்லுமாக, பாசி படிந்து, அடியில் ஒரு பெரிய கரிந்த வாய்.

“வெள்ளக்காரனுங்க பங்களா இருந்த எடம்,” என்றான் சேது. “குளிருக்கு நெருப்பு மூட்டுவானுங்க.”

ரமணி டின்னை அணைத்தபடி சுற்றிலும் பார்த்தாள். பாசி, இலை, ஈர மண். அடுப்பு வாய்க்குள் தலையை விட்டு மேலே பார்த்தாள். கூண்டின் மறுமுனையில் கைக்குட்டை அளவுக்கு வானம் தெரிந்தது. தலையை வெளியே எடுத்தபோது கன்னத்தில் கரி இருந்தது. முகத்தில் ஒரு கண்டுபிடிப்பு இருந்தது.

“எனக்குத் தெரிஞ்சு போச்சு. இங்க ஐஸ் இருந்துச்சு. அவங்க நெருப்பு மூட்டி மூட்டி உருகிப்போச்சு. அப்படித்தானப்பா?”

அழகேசன் வாழ்நாளில் எத்தனையோ பொய்களைத் தானே கஷ்டப்பட்டுத் தயாரித்திருக்கிறார். இவ்வளவு நேர்த்தியான ஒன்றை யாரும் அவர் கையில் இலவசமாகக் கொடுத்ததில்லை.

“இருக்கலாம்மா,” என்றார், தொண்டையைச் செருமி. “இருக்கலாம்.”

“அடப்பாவி மச்சான்,” என்றான் சேது, மிக மெதுவாக.

பக்கத்தில் வீடளவு பாறை ஒன்று. அதில் ஏற ஓர் ஏணி. சேது முதலில் போய்க் கை கொடுக்க, ரமணி ஏறினாள். பின்னால் அழகேசன், முழங்கால்கள் நிஜமாகவே வலிக்க. மேலே ஒன்றும் தெரியவில்லை. சுற்றிலும் மேகம், காய்ச்சிய பால் பொங்கின மாதிரி. சட்டைக்குள் குளிர் புகுந்தது.

பிறகு காற்று திரும்பியது. மேகம் ஓர் ஓரமாகக் கிழிந்தது. முதலில் ஒரு பச்சை முகடு. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் நீலமாக ஒன்று, அதற்கும் பின்னால் நீலமா சாம்பலா என்று சொல்ல முடியாத இன்னொன்று. கிழிந்துகொண்டே போனது, முடியவில்லை. மேற்கே தரை விழுந்து தட்டையாக விரிந்து, வானமா கடலா என்று தெரியாத வெளிறிய கோட்டில் போய்த் தீர்ந்தது. அந்த விரிப்பில் எங்கோ அவருடைய தோட்டம், ஆபீசு, மைக், தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருந்தாக வேண்டும். கண்ணைச் சுருக்கித் தேடினார். ஒரு கடுகுகூட அகப்படவில்லை. பள்ளத்தாக்கில் எங்கோ குரங்குகள் கூவின, ஒன்றுக்கு ஒன்று பதிலாக, யாருக்காகவும் இல்லாமல்.

அழகேசன் உட்கார்ந்துவிட்டார். தடி உருண்டு கீழே போனது.

வெகுநேரம் கழித்து ரமணி திரும்பினாள். அவள் கண்களில் கோபம் இருந்தது.

“அப்பா, நீங்க மூணு தடவ வந்து இதப் பாத்தீங்க. ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல? ஐஸ மட்டும்தான சொன்னீங்க!”

சேது மறுபக்கம் பார்த்துக்கொண்டான். இந்த நேரத்துக்கென்று காலையிலிருந்து கூர் தீட்டிவைத்த கிண்டல் எல்லாம் அவனிடம் இருந்தது. ஒன்றையும் அவன் எடுக்கவில்லை.

இதைப் பார்த்தவன் ஐஸைப் பற்றிப் பேசியிருக்க மாட்டான். அது ஆறு வயதுக்கே தெரிந்துவிட்டது. வெள்ளைக்காரன் நெருப்பில் ஐஸ் உருகிய கதை இங்கே உதவாது.

“நான் பாத்ததே இல்ல பாப்பா,” என்றார் அழகேசன். “வந்ததே இல்ல. அந்தப் படம் கடையில புடிச்சது. ஐஸும் பொய்யி. இதான் எனக்கு மொத தடவ.”

ரமணி அவரை உற்றுப் பார்த்தாள். மேடையில் அவர் எத்தனையோ முறை எதிர்பார்த்து வராத அமைதி இப்போது வந்தது.

“எனக்கும் மொத தடவதான்,” என்றாள். கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம்விட்டாள். “இங்கருந்து பாருங்க. நல்லாத் தெரியுது.”

அவ்வளவுதான். விசாரணை முடிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் உருக்கமாக எதையாவது சொல்ல அழகேசன் தயாராகிக்கொண்டிருந்தார்.

“பாப்பா, அப்பா செஞ்சது...”

“சும்மா இருங்கப்பா. மேகம் வருது.”

மூவரும் சும்மா இருந்தார்கள். இறங்கும் முன் சேது ஆற்றிலிருந்து பிடித்துவந்த தண்ணீரை மைலோ டின்னில் ஊற்ற, ரமணி சிராப்பைக் கவிழ்த்தாள். இன்னும் பல் கூசும் குளிர்ச்சி. அந்த டின்னையே மாற்றி மாற்றிக் குடித்தார்கள். கிராணிக்குக் கடைசியாகத்தான் கிடைத்தது.

தோட்டத்துக்குத் திரும்பிய அன்று சாயங்காலம் மண்டோர் சன்னாசி வாசலுக்கு வந்துவிட்டான்.

“ஐயா, நாலாவது தடவையும் ஏறிட்டீங்களாமே?”

“இல்ல சன்னாசி. இதான் மொத தடவ. முன்னாடி சொன்னதெல்லாம் பொய்.”

சன்னாசி தோளில் கிடந்த துண்டை எடுத்து மரியாதையாக இடுப்பில் கட்டிக்கொண்டான். தொழிலாளர் லயத்துக்குப் போய், “நாலு தடவ ஏறினவரு, ஒரு தடவதான்னு சொல்றாருடா. பெரிய மனுசனுக்குத்தான் அந்த அடக்கம் வரும்,” என்றான். அடுத்த திருவிழாவில் அவருக்கு மாலையோடு பொன்னாடையும் போட்டார்கள். மைக்கைக் கையில் வாங்கிய அழகேசன் வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அதற்கும் கைதட்டினார்கள்.

படம் மட்டும் கூடத்தில் அப்படியே தொங்கியது. அதைப் பார்த்து, “அப்பா ஏறின மலை இதுதானம்மா?” என்று ரமணியை யாராவது கேட்பார்கள்.

“இது இல்ல,” என்பாள். “இது சின்னது. அது...”

இரண்டு கைகளையும் விரிப்பாள். போதாது. நாற்காலிமேல் ஏறி நின்று விரிப்பாள். பிறகு வாசலுக்கு ஓடி, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து, வானத்தைப் பார்த்து, கைகளைக் கீழே போட்டுவிடுவாள்.